‘பார்த்து நடக்க வேண்டியதுதானே’ என்றார் மேனேஜர்: இனி என்ன செய்வது?

கேள்வி: பதினோரு நாட்களுக்கு முன் மதுரையிலிருந்து குடும்பத்தோடு காரில் கொடைக்கானல் போயிருந்தோம். ஏரிப் பக்கம் ஓர் உணவகத்தில் மதியச் சாப்பாடு. கை கழுவும் இடத்துக்குப் பின்பக்கமாக நாலு படி இறங்க வேண்டும். படியெல்லாம் ஈரம், பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. என் பெரியம்மா (வயது 63, அவரும் மதுரைதான்) வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மேனேஜர் எழுந்துகூட வரவில்லை. “வயசானவங்க பார்த்து நடக்க வேண்டியதுதானே, முதல்ல பில்லைக் கட்டிட்டுப் பேசுங்க” என்றார். தொடாத பிரியாணிக்கும் சேர்த்து 2,340 ரூபாயை என் வீட்டுக்காரர் ஜிபேயில் கட்டினார். கேமரா பதிவைக் கேட்டதற்கு, “போலீஸோட வாங்க” என்று பதில். ஆஸ்பத்திரிக்குத் துணையாக வந்த கடைப் பையன்தான் அங்கே விவரம் சொன்னான். சீட்டில் ‘சாலையில் வழுக்கி விழுந்தார்’ என்று இருக்கிறது. அந்த மேனேஜரைச் சும்மா விட மனமில்லை. எங்கே புகார் செய்வது? ஒவ்வொரு முறையும் மலை ஏற வேண்டுமா?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் மேனேஜரின் வாய்தான் இருக்கிறது. வழக்கு அங்கே இல்லை, அந்த நாலு படியில் இருக்கிறது. மரியாதை இல்லாமல் பேசியது மட்டும் தனிப் புகாராக நிற்காது. ஈரமான படி, கைப்பிடி இல்லாதது, விழுந்தவருக்கு உதவாதது, பதிவைத் தர மறுத்தது ஆகியவற்றோடு சேர்ந்து வரும்போதுதான் அந்தப் பேச்சுக்கு மன உளைச்சல் என்ற தலைப்பில் மதிப்பு வரும். ஆகவே படியைப் பற்றி எழுதுங்கள். மேனேஜர் சொன்னதை ஒரே ஒரு பத்தியில், அவர் பேசிய சொற்களிலேயே, கூட்டாமல் குறைக்காமல் வையுங்கள்.

மிக அவசரமான வேலை கேமரா பதிவு. கடைகளில் இருக்கும் டிவிஆர் பெட்டி, ஹார்டு டிஸ்க் நிறைந்ததும் பழையதன் மேலேயே புதியதைப் பதியும். டிஸ்க்கின் அளவையும் கேமராக்களின் எண்ணிக்கையையும் பொறுத்து சில இடங்களில் ஒரு வாரத்தில் அழியும், சில இடங்களில் ஒரு மாதம் இருக்கும். பதினோரு நாள் போய்விட்டது. இன்றே ஒரு கடிதம் எழுதுங்கள்: தேதி, விழுந்த நேரம், எந்தப் படி, அதற்கு அரை மணி முன்பிலிருந்து ஒரு மணி பின்பு வரையிலான பதிவை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்ற கோரிக்கை. இவ்வளவு போதும். கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும் அனுப்பிவிட்டு, அதே கடிதத்தை ஸ்பீடு போஸ்ட்டிலும் போடுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அவர்கள் தர மாட்டார்கள். பரவாயில்லை. எழுத்தில் கேட்டும் ஒரு கடை பதிவை அழித்துவிட்டால், அதில் தங்களுக்குப் பாதகமானது இருந்திருக்கும் என்று, வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையம் கருத இடம் உண்டு. வாயால் கேட்டது மட்டும் என்றால், ‘யாரும் கேட்கவே இல்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

அடுத்தது ஆஸ்பத்திரிச் சீட்டு. மலையில் நடக்கும் விபத்துகளில் அதிகமாகக் கெட்டுப்போவது இதுதான். அடிபட்டவர் வலியில் இருப்பார், உறவினர்கள் பதறிக்கொண்டிருப்பார்கள். கூட வந்த கடை ஆளோ வண்டி டிரைவரோ முந்திக்கொண்டு ‘ரோட்டில் விழுந்தாங்க’, ‘ரூமில் விழுந்தாங்க’ என்று சொல்லிவிடுவார். பணியில் இருக்கும் மருத்துவர் சொன்னதை அப்படியே விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். பிறகு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கையில் எடுக்கும் முதல் காகிதம் அதுவாகத்தான் இருக்கும். உதவிக்கு வருகிறவர் எல்லாரும் கெட்டவர் என்று சொல்லவில்லை. அந்தப் பையனுக்கு மேனேஜர் என்ன சொல்லி அனுப்பினார் என்பது நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். எந்த ஆஸ்பத்திரியானாலும் ‘எங்கே, எப்படி விழுந்தார்’ என்பதை வீட்டு ஆளே சொல்ல வேண்டும். எழுதியதை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும்.

உங்கள் விஷயத்தில் அது கைமீறிப் போய்விட்டது, ஆனாலும் சரிக்கட்டலாம். பெரியம்மா பெயரில் அந்த ஆஸ்பத்திரியின் தலைமை மருத்துவருக்கு மனு கொடுத்து விபத்துப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். விழுந்த இடம் தவறாகச் சொல்லப்பட்டது, சொன்னவர் எங்கள் குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்ல என்று அதே மனுவில் எழுதுங்கள். பழைய பதிவை அடித்துத் திருத்த மாட்டார்கள், திருத்தவும் கூடாது. மனு கொடுத்த தேதி பதிவானால் போதும். மதுரையில் மாவுக்கட்டுப் போட்ட மருத்துவரிடம் அடுத்த முறை போகும்போது, உணவகப் படியில் விழுந்ததை அவருடைய குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். 108-ஐ அழைத்திருந்தால் அழைத்த நேரமும் ஏற்றிய இடமும் அவர்களிடம் பதிவாகியிருக்கும். ஏரிப் பக்கத்து உணவகத்திலிருந்து ஏற்றினோம் என்ற ஒரு வரி, ‘சாலை’ என்ற சொல்லை அடித்துவிடும். நீங்கள் காரில் போனதால், கொடைக்கானல் வரும் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் நடைமுறையில் உள்ள இ-பாஸும் எடுத்திருப்பீர்கள். அன்று மலையில் இருந்தீர்கள் என்பதற்கு அதுவும் ஒரு துணைச் சான்று.

படியைப் படம் எடுத்தீர்களா? இல்லையென்றால், யாராவது தெரிந்தவர் அந்தப் பக்கம் போகும்போது சாப்பிட உட்கார்ந்து எடுத்து வரட்டும். ஒவ்வொரு படியின் மேலும் இஞ்ச் டேப்பை நிறுத்தி வைத்து எடுக்க வேண்டும். மக்கள் வந்து போகும் இதுபோன்ற கட்டடங்களில் படியின் உயரம் 15 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது, கால் வைக்கும் அகலம் 30 செ.மீ.க்குக் குறையக் கூடாது என்பது தேசியக் கட்டடக் குறியீடு. மலைச் சரிவில் கட்டிய கடைகளில் சாலை மட்டத்தில் முகப்பு, கீழே சமையலறை, இடையில் இருக்கிற இடத்தில் திணித்த படி என்றுதான் இருக்கும். முதல் படி 14 செ.மீ., அடுத்தது 21 செ.மீ. என்று மாறி மாறி வரும். கண் பழகிய உயரத்தைக் கால் எதிர்பார்க்கும், அது கிடைக்காதபோது ஆள் சாய்வார். இதோடு வழவழ டைல்ஸும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். கீழே மதுரையில் தரையைத் துடைத்தால் சில நிமிடத்தில் காய்ந்துவிடும். கொடைக்கானல் குளிரிலும் மூடுபனியிலும் அது மணிக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும், ஓரத்தில் பாசியும் பிடிக்கும். மலையில் கடை நடத்துகிறவருக்கு இது தெரியாமல் இருக்காது. ‘ஈரத்தரை’ என்று ஒரு பலகை, ஒரு ரப்பர் விரிப்பு, ஒரு கைப்பிடிக் கம்பி. இந்த மூன்றில் எதுவுமே இல்லை என்பதுதான் உங்கள் வழக்கு. எடுத்த படங்களை எடுத்த போனிலேயே வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த படத்தில் எடுத்த நேரமும் இடமும் பற்றிய விவரம் உதிர்ந்துவிடும்.

யார் மேல் புகார் செய்வது? மேனேஜர் மேல் மட்டும் போடாதீர்கள். அவர் அடுத்த மாதமே வேறு கடைக்குப் போய்விடலாம். உரிமையாளர் முதல் எதிர்தரப்பு, மேனேஜர் இரண்டாவது. போர்டில் இருக்கும் பெயர் உரிமையாளரின் பெயராக இருக்காது. பில்லைப் பாருங்கள். 15 இலக்க ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைத் தேடினால் சட்டப்படியான பெயர் இலவசமாக வரும். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் பில்லில் இருக்கும். ஜிபேயில் பணம் போய்ச் சேர்ந்த பெயரையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கொள்ளுங்கள்.

பில் என்றதும் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் கறாராகப் பணம் வாங்கியது உங்களுக்கு எரிச்சல், ஆனால் உங்களுக்கு நல்லதே. ‘பில்லெல்லாம் வேண்டாம், நீங்க கிளம்புங்க’ என்று இனிமையாகச் சொல்லும் மேனேஜர்தான் ஆபத்தானவர். நுகர்வோர் சட்டம் இலவசச் சேவையைத் தன் வரம்பில் சேர்ப்பதில்லை. பணம் வாங்கவில்லை, ஆகவே இவர் நுகர்வோரே அல்ல என்று பின்னால் வாதம் வரும். கொடுப்பதாக ஒப்புக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாலே நுகர்வோர்தான், சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் கையில் பில் இல்லாமல் அதை நிரூபிக்கும் பாடு உங்களுடையது. அதனால் எத்தனை கோபம் வந்தாலும் பணத்தைக் கட்டி, பில்லை வாங்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். பணம் கட்டியது உங்கள் வீட்டுக்காரர், விழுந்தது பெரியம்மா என்பதும் தடையில்லை. ஒருவர் பணம் கொடுக்க, அவர் சம்மதத்தோடு சேவையைப் பெறும் மற்றவரும் நுகர்வோர்தான். டூர் ஏற்பாட்டாளர் எல்லாருக்கும் சேர்த்துப் பணம் கட்டியிருந்தாலும் இதே விதிதான். அப்போது பில் அவரிடம் இருக்கும், கேட்டு நகல் வாங்க வேண்டும். புகாரைப் பெரியம்மா பெயரிலேயே கொடுங்கள். உங்களுக்கு ஓர் அதிகாரக் கடிதம் எழுதித் தந்தால் அவருக்காக நீங்கள் போகலாம்.

மலை ஏற வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் வசிக்கும் இடத்து மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 1986-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்த காலத்தில் உங்களைத் திண்டுக்கல்லுக்கு அலைய விட்டிருப்பார்கள். இப்போது மதுரையே போதும், கடைக்காரர்தான் இறங்கி வர வேண்டும். நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம். முதலில் உரிமையாளருக்கு 15 நாள் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் புகார், நோட்டரி கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம், பில், மருத்துவச் சீட்டுகள், படங்கள், கடித ரசீதுகள் அனைத்தையும் வரிசையாக எண் போட்டுக் கட்டுங்கள். மூன்று பிரதிகள், அதற்கு மேல் ஒவ்வொரு எதிர்தரப்புக்கும் ஒன்று. வழக்கறிஞர் கட்டாயமில்லை. வேண்டுமென்றால், பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100-ஐ அழையுங்கள்.

கட்டணம் என்று யாராவது காசு கேட்டால் கவனமாக இருங்கள். ‘பத்து லட்சம் நஷ்டஈடு கேட்கிறோம், அதற்கு இத்தனை சதவீதம் கோர்ட் ஃபீஸ்’ என்பார்கள். பொய். நீங்கள் கேட்கும் தொகையை வைத்துக் கட்டணம் கிடையாது. சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே இல்லை. நீங்கள் கொடுத்தது 2,340 ரூபாய்.

இப்படிப்பட்டவர்களை இன்னும் கொஞ்சம் அடையாளம் காட்ட வேண்டும். சட்டத்தைவிட இவர்களால்தான் புகார்கள் அதிகம் சாகின்றன. லெட்டர்பேடும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ‘நுகர்வோர் உரிமை’ என்று வருகிறவர்கள் ஒரு வகை. கிடைப்பதில் முப்பது, நாற்பது சதவீதம் கேட்பார்கள். உங்களிடம் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிக் கொண்டு கடைக்காரரிடம் போய்த் தனியாகப் பேரம் முடித்துவிடுவார்கள். பதிவு பெற்ற உண்மையான நுகர்வோர் அமைப்பு பங்கு கேட்காது. ‘வீடியோ போட்டு நாறடிக்கிறேன்’ என்று மைக்கோடு வருகிறவர்கள் இன்னொரு வகை. வீடியோ வரும், இரண்டே நாளில் மறையும், பணம் யாருக்குப் போனது என்பது உங்களுக்குத் தெரியவராது. நீங்களே ‘பணம் தராவிட்டால் கூகுளில் எழுதுவேன்’ என்று ஒரு மெசேஜ் அனுப்பினாலும் அது மிரட்டலாகத் திரும்பும். நடந்ததை நடந்தபடி எழுதுவது உங்கள் உரிமை. அதைப் பேரத்துக்கு வைக்காதீர்கள். கடையில் கமிஷன் வாங்கும் வண்டி டிரைவர் சமரசம் பேச வந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். ஐயாயிரம் ரூபாயை நீட்டி ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதிய காகிதத்தில் கையெழுத்துக் கேட்டால் போடவே கூடாது. மணிக்கட்டு முறிவுக்குக் கட்டுப் பிரிக்கவே ஆறு வாரம் ஆகும். அதற்குப் பிறகு விரல் மடங்குகிறதா, பிசியோதெரபி எத்தனை நாள் என்று பார்த்த பின்புதான் செலவு தெரியும்.

எவ்வளவு கேட்பது? மருத்துவச் செலவு ரசீதுப்படி, போக்குவரத்து, வீட்டு வேலைக்கு ஆள் வைத்த சம்பளம், பெரியம்மா வேலைக்குப் போகிறவர் என்றால் இழந்த வருமானம். இவற்றோடு வலிக்கும் மன உளைச்சலுக்கும் ஒரு தொகை, வழக்குச் செலவு. தொடாத பிரியாணியின் விலையையும் கேளுங்கள். மணிக்கட்டு முறிவுக்கு இருபது லட்சம் என்று எழுதினால் மற்ற உண்மைகளின் மதிப்பும் குறையும்.

போலீஸுக்கும் போகலாம். கவனக்குறைவால் எலும்பு முறியும் காயம் ஏற்படுத்துவது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 125(ஆ) பிரிவில் வரும். ஸ்டேஷனில் ‘இதெல்லாம் சிவில் மேட்டர்’ என்பார்கள். மனுவை வாங்கிக் கொண்டதற்கு சிஎஸ்ஆர் ரசீதாவது தரச் சொல்லுங்கள். அந்தத் துண்டுச் சீட்டுக்குக்கூட ஒரு குடிமகன் மூன்று முறை நடக்க வேண்டியிருப்பது வெட்கக்கேடு. உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் அனுப்பி நேரத்தை வீணாக்காதீர்கள். சாப்பாடு கெட்டிருந்தால் அவர்கள், படி கெட்டிருந்தால் நகராட்சி. கொடைக்கானல் நகராட்சி ஆணையருக்குப் படங்களோடு ஒரு மனு, கூடவே முதல்வரின் உதவி மைய எண்ணான 1100-இல் ஒரு பதிவு. இதில் உங்களுக்குப் பணம் வராது, ஆனால் அடுத்தவர் விழுவதற்கு முன் அந்தப் படிக்கு ஒரு கம்பி வரலாம். 1915 நுகர்வோர் உதவி எண் சமரசத்துக்கு உதவும். கடைக்காரர் பதிலே சொல்லாவிட்டால் அவர்களால் உத்தரவு போட முடியாது.

காலம் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நோட்டீஸ் கிடைத்து 30 நாளில் எதிர்தரப்பு பதில் தர வேண்டும், கூடுதலாக 15 நாள் தரலாம், மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பது வேறு. தலைவர் பதவியும் உறுப்பினர் பதவியும் காலியாகக் கிடக்க, வாய்தா மேல் வாய்தாவாக ஆண்டுகள் ஓடும் ஆணையங்கள் உண்டு. நியமிக்க வேண்டியவர்கள் நியமிக்காததற்கு முறிந்த கையோடு ஒருவர் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இருந்தாலும் போடுங்கள். உத்தரவு வந்தபின் அதை மதிக்காத கடைக்காரருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். மேல்முறையீடு செய்ய வேண்டுமென்றால் 45 நாளுக்குள், உத்தரவிட்ட தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் அவர் போக முடியும்.

முதலில் அந்தக் கேமராக் கடிதத்தை எழுதுங்கள். தபால் நிலையம் மூடுவதற்குள் போட்டுவிடுங்கள்.