மூன்று தொகைகள், எது சரி?

கேள்வி: ஆப்கானிஸ்தான் போருக்கு அமெரிக்கா எவ்வளவு செலவழித்தது என்று ஒரு கட்டுரைப் போட்டிக்காகத் தேடினேன். ஓரிடத்தில் 83,700 கோடி டாலர், இன்னோரிடத்தில் 2.3 லட்சம் கோடி, வேறோரிடத்தில் 8 லட்சம் கோடி என்று இருக்கிறது. எதை எழுதுவது? 20 வருடப் போரின் செலவைப் பற்றி அந்த நாட்டில் ஏன் பெரிதாகப் பேச்சே எழவில்லை?

பதில்: மூன்றையும் எழுதலாம். எந்தத் தொகை எதற்கானது என்று சேர்த்து எழுதாவிட்டால் மூன்றுமே தப்பாகிவிடும்.

83,700 கோடி என்பது சண்டைக்கான செலவு மட்டும். ஆப்கான் சீரமைப்புப் பணிகளைத் தணிக்கை செய்ய அமெரிக்க நாடாளுமன்றம் 2008-ல் அமைத்த 'சிகார்' என்ற அலுவலகம் 2021 ஆகஸ்ட் அறிக்கையில் சொன்னது. சாலை, பள்ளி, ஆப்கான் ராணுவப் பயிற்சி ஆகியவற்றுக்குப் போன சுமார் 14,500 கோடியை அந்த அறிக்கை தனியாகக் காட்டுகிறது.

2.3 லட்சம் கோடி என்பது பிரௌன் பல்கலைக்கழகத்தின் போர்ச் செலவு ஆய்வுத் திட்டம் போட்ட கணக்கு. போரால் வீங்கிய வழக்கமான ராணுவ பட்ஜெட், காயம்பட்டுத் திரும்பியவர்களுக்கு அதுவரை ஆன செலவு, கடனுக்குக் கட்டிய வட்டி எல்லாம் இதில் உண்டு. வட்டி மட்டுமே 53,000 கோடி டாலர் அளவில் வருகிறது. 8 லட்சம் கோடியோ, ஆப்கானிஸ்தானோடு இராக், சிரியா, உள்நாட்டுப் பாதுகாப்பு ஆகியவற்றையும், 2050 வரை முன்னாள் படையினருக்குக் கொடுக்க வேண்டிய 2.2 லட்சம் கோடியையும் கூட்டி வந்தது. இதைத் தூக்கி ஆப்கான் போர்க் கணக்கில் போட்டுவிடுவது பலரும் செய்யும் பிழை. நீங்கள் செய்யாதீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு விடை, பணம் எங்கிருந்து வந்தது என்பதில் இருக்கிறது. கொரியப் போருக்காக 1950, 51-ல் வரியை ஏற்றினார்கள். வியட்நாம் போரின்போது 1968-ல் வருமான வரிமேல் 10 சதவீதம் கூடுதல் வரி போட்டார்கள். சம்பளத்தில் வரிப் பிடித்தம் கூடினால் குடும்பத்தில் பேச்சு வரும். கட்டாய ராணுவச் சேர்ப்பும் அப்போது இருந்ததால் மகனுக்கு எப்போது அழைப்பு வருமோ என்ற பயம் வேறு. அந்தச் சேர்ப்பு 1973-ல் நின்றது. 2001-க்குப் பிறகு நடந்தது நேர்த் தலைகீழ்: 2003 மார்ச்சில் இராக்குக்குள் படை நுழைந்தது, மே மாதம் வரி குறைந்தது. போர் கடனில் நடந்தது. யார் கையிலிருந்தும் அன்றைக்குக் காசு போகவில்லை, பெரும்பாலோர் கேட்கவுமில்லை.

கணக்கு எழுதிய விதமும் இதற்குத் துணைபோனது. முதல் சில ஆண்டுகள் பணம் அவசர நிதி ஒதுக்கீடாக வழக்கமான பட்ஜெட்டுக்கு வெளியே போனது. பிறகு 'வெளிநாட்டு அவசர நடவடிக்கைகள்' என்று தனித் தலைப்பு வைத்து 2021 நிதியாண்டு வரை ஓட்டினார்கள். அரசுச் செலவுக்கு 2011-ல் வந்த உச்சவரம்பு இந்தத் தலைப்பைக் கட்டுப்படுத்தவில்லை. அதனால் போருக்குச் சம்பந்தமில்லாத வழக்கமான ராணுவச் செலவுகளும் இதற்குள் புகுந்தன. எனவே இந்தத் தலைப்பில் உள்ளதை அப்படியே கூட்டினால் அதிகமாகவும் வரும், குறைவாகவும் வரும். வேண்டாதது உள்ளே இருக்கிறது. வட்டியும் வைத்தியமும் வெளியே இருக்கின்றன.

பேசவே இல்லை என்று எழுதிவிடாதீர்கள், அது பேசியவர்களுக்குச் செய்யும் அநியாயம். 2001 செப்டம்பர் 14 அன்று ராணுவத்தைப் பயன்படுத்த அதிபருக்கு அனுமதி தரும் தீர்மானத்தைப் பிரதிநிதிகள் சபையில் 420 பேர் ஆதரிக்க, பார்பரா லீ என்ற உறுப்பினர் ஒருவர் மட்டும் எதிர்த்து வாக்களித்தார். இராக் போருக்கு 10,000 முதல் 20,000 கோடி டாலர் வரை ஆகலாம் என்று வெள்ளை மாளிகைப் பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சே 2002 செப்டம்பரில் சொன்னார். டிசம்பரில் அவர் பதவியில் இல்லை. பேச்சு எழாதபடி மறைத்ததும் உண்டு. அமெரிக்காவின் டோவர் விமானப்படைத் தளத்தில் வந்து இறங்கிய, போரில் இறந்த படையினரின் சவப்பெட்டிகளைப் பத்திரிகைகள் படமெடுக்க 1991-ல் வந்த தடை 2009 வரை நீடித்தது. ஆப்கான் படைகளின் உயிரிழப்பு எண்ணிக்கை 2017-ல் ரகசியமாக்கப்பட்டது.

வைத்தியச் செலவும் ஓய்வூதியமும் போர் முடிந்து பல பத்தாண்டுகள் கழித்தே உச்சத்துக்குப் போகும். ஓர் உதாரணம் போதும். 1865-ல் முடிந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் இருந்த ஒரு சிப்பாயின் மகளுக்கு மாதம் 73.13 டாலர் ஓய்வூதியம் போய்க்கொண்டிருந்தது, அவர் 2020-ல் இறக்கும் வரை. ஆகவே எந்தத் தொகை எழுதினாலும் பக்கத்திலேயே எதுவரைக்கான கணக்கு, எந்தெந்த நாடுகள், வட்டி உண்டா இல்லையா என்று குறித்துவிடுங்கள். சிகார் அறிக்கையை ஆய்வுத் திட்டத்தின் தொகையோடு கூட்டாதீர்கள். ஒரே செலவு இரண்டு முறை ஏறிவிடும்.

உயிரிழப்புக்கும் இதே கவனம் வேண்டும். அமெரிக்கப் படையினர் சுமார் 2,460 பேர் என்ற எண்ணிக்கையில் ஒப்பந்தப் பணியாளர்கள் வரமாட்டார்கள். அவர்களுக்கான காப்பீட்டுக் கோரிக்கைகள் அமெரிக்கத் தொழிலாளர் துறையில் பதிவாகின்றன, அங்கே தேடுங்கள். கோரிக்கையே வராத வெளிநாட்டுப் பணியாளர் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆப்கான் படையினரும் போலீசாரும் 66,000 பேருக்கு மேல், பொதுமக்கள் 46,000 பேருக்கு மேல் என்பது பிரௌன் ஆய்வின் மதிப்பீடு. கட்டுரையில் இந்த இரண்டு எண்களையும் டாலர் தொகைக்கு முன்னால் வையுங்கள்.