மயக்க மருந்து பம்ப்: கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். கம்ப்யூட்டர் பம்ப் மயக்க மருந்து கொடுக்கும் என்கிறார்கள். ரத்தத்தில் மருந்து எவ்வளவு என்று அது பார்த்துக்கொண்டே இருக்குமா?

பதில்: இல்லைங்க. இந்த கம்ப்யூட்டர் பம்ப்பை டிசிஐ பம்ப் என்போம், அது எதையும் அளப்பதில்லை, கணக்குதான் போடுகிறது. ப்ரொபோஃபால் என்ற மயக்க மருந்து ரத்தத்தில் எந்த அளவில் நிற்க வேண்டும் என்று நாங்கள் எண் கொடுப்போம். முதலில் வேகமாக ஒரு டோஸ் ஏற்றும். அப்புறம் மருந்து தசை, கொழுப்பு என்று பரவுவதையும் கல்லீரல் கழிப்பதையும் ஈடுகட்டும் அளவுக்கு வேகத்தைக் குறைத்துக்கொண்டே வரும். ஊசி நரம்பிலிருந்து விலகி மருந்து தோலுக்கடியில் கசிந்தாலும் திரையில் அதே எண்தான் இருக்கும். அதனால் ஊசி போட்ட கை என் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பேன்.

கேள்வி: பம்ப் கணக்குப் போடும் முறைகளில் மார்ஷா, ஷ்னைடரா, எதை வைப்பது சார்? (முதுநிலை மாணவர்)

பதில்: முதியவர்களுக்கு நான் ஷ்னைடர்தான் வைப்பேன். அது வயது, உயரம், எடை, பாலினம் எல்லாம் கேட்கும். மார்ஷின் கணக்கு எடையை நம்பியது. ஒன்றில் பழகிய எண்ணை மற்றதில் அப்படியே போடாதீர்கள். மருந்து முதலில் கலக்கும் கொள்ளளவு ஷ்னைடரில் எல்லோருக்கும் 4.27 லிட்டர். மார்ஷில் 70 கிலோ ஆளுக்கே சுமார் 16 லிட்டர். ரத்தத்தில் உள்ள மருந்தின் அளவைக் குறிவைத்தால் முதல் டோஸ் எவ்வளவு மாறும் என்று நீங்களே பாருங்கள்.

கேள்வி: டாக்டரே இல்லாமல் மெஷின் மட்டும் பார்த்துக்கொள்ளாதா?

பதில்: மூளை அலையைப் பார்த்துத் தானே மருந்தைக் கூட்டிக் குறைக்கும் கருவிகள் உண்டு. சண்டிகர் பிஜிஐ மருத்துவமனையில் டாக்டர் ஜி.டி.பூரி குழு உருவாக்கிய கிளாட்ஸ் அப்படிப்பட்டது. மயக்கத்தின் ஆழத்தை மூளை அலையிலிருந்து காட்டும் பிஸ் எண்ணை 40க்கும் 60க்கும் நடுவில் நிறுத்துவதில் அது கெட்டி. ஆனால் கெட்டமின் என்ற இன்னொரு மயக்க மருந்து கொடுத்தால் மயக்கம் ஆழமாகவே இருந்தும் பிஸ் ஏறும். அதை நம்பி மருந்தைக் கூட்டினால் தப்பு. ரத்தப்போக்கு, மூச்சுக்குழாய் அடைப்பு எல்லாம் அந்த எண்ணில் தெரியவும் தெரியாது. அமெரிக்காவில் எண்டோஸ்கோபிக்கு லேசான மயக்கம் தர செடாசிஸ் என்ற கருவிக்கு 2013இல் அனுமதி கிடைத்தது. விற்பனை போதாமல் 2016இல் நிறுத்திவிட்டார்கள்.

கேள்வி: ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவிடம் அழுத்தினால் வலி மருந்து ஏற்றும் பம்பின் பட்டனைக் கொடுத்திருக்கிறார்கள். தூங்கும்போது நான் அழுத்தலாமா?

பதில்: கூடவே கூடாது. மருந்து அதிகமானால் தூக்கம் வரும், தூங்குபவர் அழுத்தமாட்டார். அந்தப் பம்பின் முக்கியப் பாதுகாப்பே அதுதான். தூக்கத்தில் முனகினால் நர்ஸைக் கூப்பிடுங்கள்.