மறுநாள் காலையில் முழங்காலைக் கேளுங்கள்

கேள்வி: எனக்கு வயது 41. ஏழு வாரங்களுக்கு முன் பாட்மின்டன் ஆடும்போது சட்டென்று திரும்பியதில் வலது முழங்கால் உள்பக்கமாக மடங்கி, ஜவ்வு பாதி கிழிந்துவிட்டது. ஆபரேஷன் தேவையில்லை என்று சொல்லி ஆறு வாரம் பிரேஸ் போட்டார்கள். போன வாரம்தான் கழற்றினேன். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சிகள் எல்லாம் படுத்துக்கொண்டு தொடையை இறுக்கு, காலைத் தூக்கு என்று சின்னப்பிள்ளை விளையாட்டாக இருக்கின்றன. தினமும் 5 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவன் நான். இப்போது 4 கிலோ ஏறிவிட்டது, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஒரு நண்பர் "அசையாமல் இரு" என்கிறார். இன்னொருவர் "வலியெல்லாம் பார்க்காதே, ஸ்குவாட் போடு" என்கிறார். மெதுவாக ஓட ஆரம்பிக்கலாமா? இல்லையென்றால் உடம்பை எப்படித்தான் காப்பாற்றுவது?

பதில்: ஓட்டம் இப்போது வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியை நிதானமாகப் பேசலாம்.

நீங்கள் எடையையும் மூச்சையும் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். இரண்டும் திரும்பி வந்துவிடும். நான் கவலைப்படுவது உங்கள் தொடையைப் பற்றி. ஒரு தையல் டேப் எடுத்துக்கொள்ளுங்கள். காலை நீட்டி உட்கார்ந்து, முழங்கால் சில்லின் மேல்விளிம்பிலிருந்து 15 சென்டிமீட்டர் மேலே பேனாவால் ஒரு கோடு போடுங்கள். இரண்டு காலிலும் அதே இடத்தில் தொடையின் சுற்றளவை அளந்து பாருங்கள். வலது தொடை ஓரிரண்டு சென்டிமீட்டர் மெலிந்திருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஆறு வாரம் பிரேஸுக்குள் கிடந்தது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. மூட்டுக்குள் நீர் கோத்தால், முன்தொடைத் தசைக்குப் போகும் நரம்புக் கட்டளையை உடம்பே குறைத்துவிடுகிறது. அடிபட்ட மூட்டைக் காப்பாற்ற அது செய்யும் தந்திரம் அது. வீக்கம் வடிந்த பிறகும் பலருக்கு அந்தத் தசை முழுசாக விழித்துக்கொள்வதில்லை. இந்த நிலையில் ஓடினால், தசை தாங்க வேண்டிய அதிர்ச்சி நேராக மூட்டுக்கும், ஆறிக்கொண்டிருக்கும் ஜவ்வுக்கும் போய்ச் சேரும். சின்னப்பிள்ளை விளையாட்டு என்றீர்களே, அந்தத் தசையைத் தட்டி எழுப்பத்தான் அது.

ஒழுங்காகச் செய்தால் வியர்க்கும். முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு ஒன்றை வையுங்கள். அதை நசுக்குவதுபோல முழங்காலைக் கீழே அழுத்துங்கள். சில்லு தொடைப்பக்கம் லேசாக நகர வேண்டும். சில்லுக்குச் சற்று மேலே, தொடையின் உள்பக்கத்தில் விரலை வைத்துப் பாருங்கள். அந்த இடம் கல் மாதிரி இறுகுகிறதா? இடதுகாலில் இறுகும், வலதுகாலில் கொழகொழவென்று இருக்கும். அந்த வித்தியாசம்தான் உங்கள் பாக்கி. ஐந்து முதல் பத்து விநாடி பிடித்து விடுங்கள். பத்து முறை செய்தால் ஒரு சுற்று, ஒரு நாளைக்கு மூன்று சுற்று. காலைத் தூக்கும் பயிற்சியிலும் முதலில் இறுக்கி, பிறகு தூக்க வேண்டும். தூக்கும்போது முழங்கால் தொய்ந்து மடங்கினால், முதல் பயிற்சியிலேயே இன்னும் கொஞ்ச நாள் இருங்கள்.

இதில் நானே ஒரு தப்பு செய்திருக்கிறேன். பல வருஷம் முன்னால் எனக்கு முழங்காலில் அடிபட்டபோது, சுகமாக இருக்கிறதே என்று ராத்திரி பூராவும் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்கினேன். வலி போனது, ஆனால் கால் முழுசாக நீட்ட வராமல் போய்விட்டது. அந்தக் கடைசி சில டிகிரியைத் திரும்பப் பெற மூன்று மாதம் ஆனது. இப்போது யார் கேட்டாலும் சொல்வேன்: தலையணை வைப்பதானால் குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முழங்கால் தானாகத் தொங்கி நீளட்டும்.

சரி, மூச்சுக்கு வருவோம். சைக்கிள் ஓட்டும் இயந்திரம் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. சீட்டை உயரமாக வையுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். சீட் தாழ்ந்தால் முழங்கால் அதிகமாக மடங்கும், சில்லுக்குப் பின்னால் அழுத்தம் ஏறும். முழுச் சுற்று வரவில்லை என்றால் முன்னும் பின்னுமாக அரைச் சுற்று ஆட்டினாலும் போதும். இறுக்கமே வைக்காமல் பத்து நிமிடத்தில் ஆரம்பியுங்கள்.

நீச்சல் குளம் இருந்தால் இன்னும் நல்லது. இடுப்பளவு தண்ணீரில் நின்றாலே கால் தாங்கும் எடை ஏறக்குறையப் பாதியாகிவிடும், நெஞ்சளவில் இன்னும் குறையும். அதில் வேகமாக நடக்கலாம். ஆனால் தவளை மாதிரி காலை அகட்டி உதைக்கும் நீச்சல் மட்டும் கூடாது. அந்த உதை சரியாக உள்பக்க ஜவ்வைத்தான் இழுக்கும். (ஜவ்வு என்ற ஒரே சொல்லில், எலும்புகளைப் பிணைக்கும் லிகமென்ட்டையும் மூட்டுக்குள் மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். உங்களுக்குக் கிழிந்தது உள்பக்க லிகமென்ட் என்று எடுத்துக்கொண்டே எழுதுகிறேன். ஸ்கேன் அறிக்கையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மெனிஸ்கஸ் என்று இருந்தால், ஆழமாக மடக்கும் எதையும் மருத்துவரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.)

கைகளுக்கும் முதுகுக்கும் அடிபடவில்லையே? நாற்காலியில் உட்கார்ந்து டம்பெல் தூக்குங்கள். நல்ல காலையும் சும்மா விடாதீர்கள். ஒரு காலுக்கு வலுப்பயிற்சி கொடுத்தால், எதுவும் செய்யாத மறுகாலுக்கும் அந்த வலுவில் கொஞ்சம் போய்ச் சேர்கிறது. நரம்பு மண்டலத்தின் வேலை அது, பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

எடை விஷயத்தில் பட்டினி கிடக்காதீர்கள், ஆறும் உடம்புக்குப் புரதம் வேண்டும். அதே நேரத்தில் அந்த 4 கிலோ சின்ன விஷயமும் இல்லை. மூட்டுத் தேய்மானம் உள்ள, எடை கூடியவர்களிடம் நடத்தி 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மேல் விழும் சுமை நான்கு கிலோ அளவுக்குக் குறைந்தது தெரியவந்தது.

உங்கள் இரண்டு நண்பர்களும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: நேற்றுச் செய்தது ஒத்துக்கொண்டதா? செய்யும்போது உடம்பு சூடாக இருக்கும், உற்சாகம் வலியை மறைத்துவிடும். மறுநாள் காலை முழங்கால் பொய் சொல்லாது. பத்துக்கு மூன்று வரை வலி இருந்து, காலையில் அடங்கிவிட்டால் அதே அளவில் தொடருங்கள். காலையில் முழங்கால் விறைப்பாக இருந்தாலோ, சில்லைச் சுற்றி டேப் வைத்தால் நேற்றைவிட ஒரு சென்டிமீட்டர் கூடியிருந்தாலோ, நேற்றுச் செய்தது அதிகம். பயிற்சியைக் குறையுங்கள், அதற்காக ஒரேயடியாக நிறுத்திவிட வேண்டாம். அப்புறம், ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கூட்ட வேண்டும். நேரத்தைக் கூட்டிய வாரத்தில் இறுக்கத்தைக் கூட்டாதீர்கள். ஸ்குவாட்டும் இந்தக் கணக்கில்தான் வரும். நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து எழுவதில் தொடங்கலாம், பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.

முழங்கால் பூட்டிக்கொண்டாலோ, நடக்கும்போது நழுவினாலோ திரும்ப மருத்துவரைப் பாருங்கள். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் அன்றைக்கே போங்கள். அது ரத்தக்கட்டியாக இருக்கலாம்.

ஓட்டம் எப்போது? காலண்டரைப் பார்க்காதீர்கள். வீக்கம் இல்லை, கால் முழுசாக நீள்கிறது, மடங்குகிறது, அரைமணி நேர வேக நடைக்கு மறுநாள் முழங்கால் முறையிடவில்லை, வலதுகாலை மட்டும் ஊன்றி நாற்காலியிலிருந்து பத்து முறை ஆடாமல் எழ முடிகிறது. இவ்வளவும் ஆன பிறகு பிசியோதெரபிஸ்ட்டும் சரி என்றால், ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று சமதரையில் தொடங்குங்கள்.

பாட்மின்டனைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. கேட்காததுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. திடீர் நிறுத்தமும் திருப்பமும் நேர்ஓட்டத்துக்கெல்லாம் பிறகுதான் வரும். அதுவரை அந்த மட்டையை உங்கள் "வலியெல்லாம் பார்க்காதே" நண்பரிடம் கொடுத்து வையுங்கள். இல்லை, வேண்டாம், அவரிடம் வேண்டாம். "அசையாமல் இரு" நண்பரிடம் கொடுங்கள்.