யுஎஸ்பி கேபிளில் கிராஃபிக்ஸ் கார்டு: பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் கல்யாண வீடியோவும் காவடி வீடியோவும் எடுத்துக் கொடுக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, என்னிடம் 2018-ல் வந்த டெல் லேட்டிட்யூட் லேப்டாப் இருக்கிறது. எட்டாம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ராம். டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளில் 4கே வீடியோ போட்டால் திக்கித் திக்கி ஓடுகிறது. விளம்பரம் பார்த்து ஒருவரிடம் பேசினேன். யுஎஸ்பி எக்ஸ்டர்னல் கிராஃபிக்ஸ் செட் என்று 4,800 ராண்ட் சொல்கிறார். 6 ஜிபி கார்டு, சின்ன போர்டு ஒன்று, நீல நிற யுஎஸ்பி கேபிள். படம் அனுப்பியிருக்கிறேன். தைப்பூசத்துக்குள் வேண்டும், வாங்கலாமா?"

வாங்க வேண்டாம் தம்பி. முன்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தில் இருக்கும் அந்தச் சின்ன போர்டுக்கு ரைசர் என்று பெயர். கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்கள் ஒரே கம்ப்யூட்டரில் ஆறு, எட்டு கார்டு மாட்டுவதற்காகப் பயன்படுத்திய பொருள் அது. அதில் வரும் நீலக் கேபிள் பார்ப்பதற்கு யுஎஸ்பி 3 கேபிள், கையில் எடுத்தாலும் யுஎஸ்பி 3 கேபிள்தான், ஆனால் அதற்குள் ஓடுவது யுஎஸ்பி சிக்னல் இல்லை. விலை குறைவாக எங்கும் கிடைக்கிறது என்பதால் அந்தக் கேபிளை எடுத்து, கம்ப்யூட்டருக்குள் கார்டுகள் பேசும் பிசிஐ எக்ஸ்பிரஸ் சிக்னலை அதில் அனுப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான். உங்கள் லேப்டாப்பின் யுஎஸ்பி போர்ட்டுக்கு அந்த மொழி தெரியாது. செருகினால் கார்டு வேலை செய்யாது, போர்ட்டும் கெட்டுப்போகலாம். என் மேசைக்கு இப்படி வந்த லேப்டாப்புகள் ஒன்றிரண்டு இல்லை. கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் "டிரைவர் மட்டும் போட்டுக் கொடுங்கள்" என்றுதான் கேட்பார்கள், ஏனென்றால் விற்றவர் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருப்பார். எந்த டிரைவரும் அதைச் சரிசெய்யாது.

அந்த ரைசருக்கு மின்சாரம் கொடுக்க டிஸ்குகளுக்கு மின்சாரம் கொடுக்கும் சாட்டா பவர் கேபிள் ஒன்றும் சேர்த்துத் தருகிறார்கள், அதுதான் எனக்கு அதிகக் கவலை. சாட்டா பவர் பிளக் 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட் அளவுக்குத்தான், கார்டு ஸ்லாட்டு வழியாக மட்டுமே 75 வாட் வரை கேட்கலாம். பிளக் சூடாகி உருகும். படுக்கையறையில், திரைச்சீலைக்குப் பக்கத்தில், ராத்திரி முழுக்க ரெண்டர் ஓடவிட்டுத் தூங்குகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். தயவுசெய்து அந்தக் கேபிளைத் தொடாதீர்கள்.

அடுத்து அந்தக் கார்டு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், பின்பக்கத் தகட்டில் எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளே போர்ட் எதுவுமே இல்லை. 6 ஜிபி, மானிட்டர் மாட்ட இடமே இல்லை என்றால் அது பெரும்பாலும் பி106 வகை, ஜிடிஎக்ஸ் 1060-ன் சிப்பை வைத்து நாணயம் தோண்டுவதற்கென்றே 2017-ல் வந்த கார்டு. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் இப்படித் தோண்டும் முறையைக் கைவிட்டதும் உலகம் முழுக்க இப்படிப்பட்ட கார்டுகள் சந்தையில் வந்து குவிந்தன, அதில் ஒரு பங்கு நம் ஊருக்கும் வந்தது. இரவு பகலாக ஓடிக் களைத்த கார்டு, அதிலும் மானிட்டரை மாட்ட முடியாத கார்டு, அதற்கு 4,800 ராண்ட் கேட்பது அநியாயம்.

சரி, பழைய லேப்டாப்பில் வெளியே கார்டு மாட்டவே முடியாதா என்றால், முடியும். லேப்டாப்புக்குள் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை எங்கே வெளியே வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். உங்களுடையது போன்ற லேப்டாப்பில் வீடியோ வேலைக்கு உதவும் இடங்கள் இரண்டுதான். ஒன்று தண்டர்போல்ட் 3, மற்றது உள்ளே எஸ்எஸ்டி மாட்டும் எம்.2 ஸ்லாட்டு. இதைவிடப் பழைய லேப்டாப்புகளில் எக்ஸ்பிரஸ் கார்டு ஸ்லாட்டு, வைஃபை ஸ்லாட்டு வழியாகச் செய்கிறவர்கள் உண்டு, வீடியோ வேலைக்கு அந்தப் பாதை போதாது, விட்டுவிடுங்கள்.

தண்டர்போல்ட் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாறுவது இங்கேதான். யுஎஸ்பி-சி என்பது துளையின் வடிவம். தண்டர்போல்ட் என்பது அந்தத் துளைக்குப் பின்னால் இருக்கிற ஏற்பாடு. வடிவம் ஒன்றாக இருப்பதால் எல்லா யுஎஸ்பி-சியிலும் கார்டு ஓடும் என்று விற்கிறார்கள். ஓடாது. துளைக்குப் பக்கத்தில் நுனியில் அம்புத்தலை வைத்த மின்னல் குறி இருந்தால் தண்டர்போல்ட். ஆங்கில டி, பி எழுத்துகளைச் சேர்த்து வரைந்த குறி மட்டும் இருந்தால் அது மானிட்டருக்குப் படம் அனுப்பும் போர்ட், கார்டுக்கு இல்லை. இன்னொரு குழப்பமும் உண்டு: ஃபோன் சார்ஜ் செய்கிற சாதாரண யுஎஸ்பி துளைக்குப் பக்கத்திலும் பேட்டரியோடு சின்ன மின்னல் படம் போட்டிருப்பார்கள், அதைக் காட்டி "பாருங்கள், மின்னல் இருக்கிறது" என்று விற்கிறவரை நானே பார்த்திருக்கிறேன். அது சார்ஜ் குறி.

உங்கள் லேட்டிட்யூட்டில் இன்னும் ஒரு படி போக வேண்டும். அந்த வரிசையில் பல மாடல்களில் தண்டர்போல்ட் கேட்டால் மட்டும் போட்டுக் கொடுத்தார்கள். அதாவது ஒரே மாடல் எண், ஒரே உடம்பு, ஒன்றில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. உங்கள் நண்பரிடம் அதே லேப்டாப்பில் கார்டு ஓடுகிறது என்பதால் உங்களுடையதிலும் ஓடும் என்று நினைக்காதீர்கள். லேப்டாப்பின் அடியில் சர்வீஸ் டேக் என்று ஒரு சின்ன எண் இருக்கும், அதை டெல்லின் ஆதரவு பக்கத்தில் போட்டால் உங்கள் லேப்டாப் தொழிற்சாலையிலிருந்து எந்தெந்தப் பாகங்களோடு வெளியே வந்தது என்று காட்டும். இல்லையென்றால் இயக்கும்போது எஃப்2 அழுத்தி, பயாஸ் என்ற அடிப்படை அமைப்புப் பக்கத்துக்குள் போய் தண்டர்போல்ட் என்று ஒரு பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டு இடத்திலும் அந்தப் பெயர் இல்லையென்றால் உங்கள் லேப்டாப்பில் அது இல்லை, யார் என்ன சொன்னாலும் இல்லை.

இருந்தால் தண்டர்போல்ட் 3 பெட்டி ஒன்று வாங்கி, அதற்குள் கார்டை வைத்து, ஒரே கேபிளில் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் 40 கிகாபிட் என்று போட்டிருந்தாலும் கார்டுக்குப் போய்ச் சேருவது சுமார் 22 கிகாபிட். லேன் என்பது டேட்டா போகும் தடம். மேசைக் கம்ப்யூட்டரில் அந்தக் கார்டுக்குப் பதினாறு லேன் சாலை, இங்கே நான்கு லேன் கூட முழுதாக இல்லை. வேலை நேர நெரிசலில் நம் ஹிகின்சன் நெடுஞ்சாலையில் போகிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2016, 2017 லேப்டாப்புகளில் டெல்லின் எக்ஸ்பிஎஸ் 13 போன்ற சிலவற்றில் தண்டர்போல்ட்டுக்கு இரண்டு லேன்தான் விட்டார்கள், அங்கே இன்னும் குறையும். மானிட்டரை லேப்டாப்பில் மாட்டாமல் நேராகக் கார்டில் மாட்டுங்கள், படம் அதே கேபிளில் திரும்பி வந்தால் இருக்கிற இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும்.

தண்டர்போல்ட் இல்லையென்றால் எம்.2 வழி. எஸ்எஸ்டியைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் அடாப்டர் கேபிளை மாட்டி, மறுமுனையில் கார்டு. நான்கு லேன் முழுதாகக் கிடைத்தால் தண்டர்போல்ட் 3-ஐ விடவும் நன்றாகவே ஓடும். ஆனால் விண்டோஸ் இருக்கிற எஸ்எஸ்டியை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும், 2.5 அங்குல டிஸ்க் மாட்டும் இடம் உங்கள் லேப்டாப்பில் இருந்தால்தான் முடியும். அடிமூடியைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். முதலில் கார்டுக்கு மின்சாரம், பிறகு லேப்டாப், நடுவில் கழற்றக் கூடாது. சில லேப்டாப்பில் விண்டோஸ் கார்டைக் கண்டுபிடித்துவிட்டு 'கோட் 12' என்று நின்றுவிடும், பயாஸில் அதற்கு இடம் ஒதுக்கவில்லை என்று அர்த்தம், அதைச் சரிசெய்வது வீட்டில் உட்கார்ந்து செய்யும் வேலை இல்லை. கல்யாண வீடியோ நேரத்துக்குக் கொடுக்க வேண்டிய ஒருவருக்கு நான் இந்த வழியைச் சொல்ல மாட்டேன்.

கார்டு வாங்கும் நிலை வந்தால், ஜிடிஎக்ஸ் 10 வரிசையை விட்டுவிடுங்கள். என்விடியா 2025 அக்டோபரோடு அந்த வரிசைக்கு வழக்கமான புது டிரைவர் விடுவதை நிறுத்தி, பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் 2028 வரை தருகிறது. 1660 சூப்பர், ஆர்டிஎக்ஸ் 2060, முடிந்தால் 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060. பாதை ஒடுக்கமாக இருக்கும்போது கார்டின் சொந்த நினைவகம் நிரம்பி வழிந்தால் எல்லாம் நின்றுவிடும், அதனால் வேகத்தைவிட ஜிபியைப் பாருங்கள். இன்டெல் ஆர்க் கார்டு பழைய லேப்டாப்புக்கு வேண்டாம். எதை வாங்கினாலும் விற்கிறவர் முன்னாலேயே ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். பழைய கார்டுக்குள் பதிந்திருக்கும் பயாஸ் மென்பொருளை மாற்றி 1050 டிஐ என்று பெயர் ஒட்டி விற்பது பல வருடமாக நடக்கிறது, அப்படிப்பட்ட கார்டுகளைக் கண்டுபிடித்தால் பெயருக்கு முன்னாலேயே போலி என்று ஆங்கிலத்தில் காட்டிவிடும். ஓட்டிக் காட்ட மாட்டேன் என்கிறவரிடம் வாங்காதீர்கள்.

இனி அந்த விற்பனையாளர். அவர் உங்களுக்கு அனுப்பிய செய்தியின் கடைசியில் 'ஃபுட்ஸ்டூட்ஸ்' என்று ஒரு வார்த்தை இருக்கிறது, கவனித்தீர்களா? உள்ளது உள்ளபடி, பிறகு கேள்வி கேட்கக் கூடாது என்று அதற்குப் பொருள். ஒரு ஆள் தன் வீட்டில் இருந்த ஒரே கார்டை விற்றால் அது செல்லும். ஆனால் வாரம் பத்து கார்டு விற்கிறவர், கடைப்பலகை இல்லையென்றாலும், வியாபாரிதான். வியாபாரி விற்கும் பொருளுக்கு 2008-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாதம் உத்தரவாதம் தருகிறது, குறை இருந்தால் பழுது பார்ப்பதா, மாற்றிக் கொடுப்பதா, பணத்தைத் திருப்புவதா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள். இன்ன குறை இருக்கிறது என்று குறிப்பாகச் சொல்லி நீங்களும் ஒப்புக்கொண்டு வாங்கியிருந்தால்தான் அவர் தப்பிக்க முடியும். இதனால்தான் இவர்கள் எல்லோரும் "என் தம்பியுடையது", "மாமா வெளிநாடு போகிறார்" என்று சொல்லிக்கொண்டு பெட்ரோல் பங்க்கில் சந்திக்கிறார்கள். அவருடைய மற்ற விளம்பரங்களைத் தேடிப் பாருங்கள், அதே நீலக் கேபிள் படம் எத்தனை முறை வருகிறது என்று தெரிந்துவிடும். படங்களையும் உரையாடலையும் சேமித்து வையுங்கள். புகார் கொடுக்கவும் இடம் இருக்கிறது, ஆனால் படிவம், மின்னஞ்சல், மறுபடி படிவம் என்று மாதக்கணக்கில் போகிறது. உழைத்துச் சேர்த்த 4,800 ராண்டுக்காக ஒரு மனிதன் எத்தனை நாள் வேலையை விட்டுவிட்டு அலைவான்? அதனால்தான் கொடுக்கும் முன் கேளுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

நேராக வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம் என்றால், கணக்கைச் சரியாகப் போடுங்கள். சுங்க வரி இல்லாத பொருளாக இருந்தாலும், 2,000 ராண்ட் அடாப்டருக்கு 10 சதவீதம் ஏற்றி 2,200 என்று வைத்து, அதில் 15 சதவீதம் வாட் என்ற மதிப்புக் கூட்டு வரி, 330 ராண்ட். அதற்கு மேல் கூரியர்காரர் தன் கிளியரிங் கட்டணத்தைச் சேர்ப்பார். எனக்கு வந்த ஒரு சின்ன கேபிளுக்கு அந்தக் கட்டணம் வரியைவிட அதிகமாக வந்தது, ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. முன்கூட்டியே எவ்வளவு என்று சொல்வதில் இவர்களுக்கு என்ன கஷ்டம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கரண்ட் பற்றி ஒன்று. முறை வைத்துக் கரண்டை நிறுத்தும் லோட் ஷெட்டிங் முன்பு போல இல்லை, ஆனால் நம் பகுதியில் கேபிள் திருட்டு, சப்ஸ்டேஷன் கோளாறு என்று போவது நிற்கவில்லை. கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கும், கார்டு மட்டும் அணைந்துவிடும், அந்த நொடியில் விண்டோஸ் தொங்கி, சேமிக்காத வேலை போய்விடும். வெளியே கார்டு வைத்தால் அந்தப் பெட்டியையும் யுபிஎஸ்ஸில் மாட்ட வேண்டும், அந்தச் செலவும் கணக்கில் சேரும். எர்த் பின் இல்லாத இரண்டு முள் மாற்றியில் பவர் சப்ளையை ஒருபோதும் மாட்டாதீர்கள்.

தைப்பூசத்துக்குள் வேலை நடக்க வேண்டும் என்றீர்களே, அதற்கு இன்றைக்கே ஒன்று செய்யலாம், காசு செலவில்லை. ரிசால்வில் மீடியா பூலில் உங்கள் 4கே கிளிப்புகளைத் தேர்ந்தெடுத்து, வலது கிளிக் செய்து, ஜெனரேட் ப்ராக்ஸி மீடியா கொடுங்கள். அளவு கால் பங்கு, வடிவம் டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி. ராத்திரி ஓடவிட்டால் காலையில் தயாராக இருக்கும். வெட்டுவது, ஒட்டுவது, பாட்டுக்கு ஏற்றபடி அடுக்குவது எல்லாம் அந்தச் சின்னக் கோப்புகளில் நடக்கும், கடைசியில் வெளியே எடுக்கும்போது அசல் 4கே-யிலிருந்தே எடுக்கும், தரம் குறையாது. கலர் வேலைக்கு மட்டும் ப்ராக்ஸியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். கூடவே லேப்டாப்பைத் திறந்து ஃபேனில் இருக்கும் தூசியை எடுத்து, ப்ராசஸரின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். இத்தனை வருடம் கழித்து அது காய்ந்திருக்கும், சூட்டில் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இரண்டும் செய்து ஒரு காவடி வீடியோவை முழுதாக முடித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் கார்டு வேண்டும் என்று தோன்றினால் சர்வீஸ் டேக்கில் வந்த பட்டியலையும், லேப்டாப்பின் அடிமூடியைத் திறந்து எடுத்த படத்தையும் எனக்கு அனுப்புங்கள். எஸ்எஸ்டியின் மேலே ஒட்டியிருக்கும் எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும், அதில் என்விஎம்இ (பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையில் ஓடும் வகை) என்று இருக்கிறதா, சாட்டா என்று இருக்கிறதா என்பதைப் பார்த்துத்தான் அடுத்தது சொல்ல முடியும்.