சைக்கிள் கேள்வி-பதில்: எந்த கிராங்க் எந்த ஃப்ரேமுக்கு?

கேள்வி: பழைய ஸ்டீல் ஃப்ரேமுக்குப் பெயின்ட் அடித்து, சிங்கிள் ஸ்பீடு சைக்கிளாகக் கட்டி வருகிறேன். அதில் காட்டர் பின் கிராங்க் (ஆப்பு போன்ற ஆணியால் ஆக்ஸிலோடு பிடிக்கும் பெடல் கை) இருந்தது. இப்போது கிடைக்கும் அலுமினிய கிராங்க் பொருந்துமா?
- வாசகர், ஈரோடு

பதில்: பெரும்பாலும் பொருந்தும். ஆனால் கிராங்கைக் கடைசியாக வாங்குங்கள். முதலில் பழைய ஆக்ஸில், கப், பால்ஸ் எல்லாவற்றையும் கழற்றி, அவை இருந்த பிபி கூட்டை (பாட்டம் பிராக்கெட்: பெடல் ஆக்ஸில் சுழலும் ஃப்ரேம் குழாய்) அளக்க வேண்டும். அகலம் 68 மி.மீ., மரை 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை என்றால் அது பிஎஸ்ஏ எனப்படும் ஆங்கிலேய அளவு. பாகம் கிடைப்பதில் சிரமமே இல்லை. இதில் செயின் பக்கத்துக் கப்புக்கு இடது மரை. கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் எதிர்த்திசையில் பலம் கொடுத்து இன்னும் இறுக்கிவிடுகிறவர்கள் நிறைய. இரண்டு பக்கமும் வலது மரையாக, அகலம் 70 மி.மீ. இருந்தால் இத்தாலிய அளவு. பழைய ராலே சைக்கிள்களில் அங்குலத்துக்கு 26 மரை உண்டு. அதில் 24 மரை கப் ஒன்றிரண்டு சுற்று போய் இறுகி நிற்கும்; ஸ்பானர் போட்டு அழுத்தினால் கூடே வீணாகும். புதுக் கப் முதல் மூன்று நான்கு சுற்றாவது வெறும் கையாலேயே போக வேண்டும்.

பழைய ஃப்ரேமுக்கு, முனை சதுரமான ஆக்ஸிலும், அதோடு பேரிங்கையும் சேர்த்து மூடி வரும் சீல் செய்த பிபியும்தான் சரி என்பேன். கூட்டுக்கு வெளியே பேரிங் உட்காரும் 24 மி.மீ. ஆக்ஸில் வகைக்கு, கூட்டின் இரு முகமும் ஒன்றுக்கொன்று இணையாகச் சீவப்பட்டிருக்க வேண்டும். பெயின்ட் தடிப்பும் பற்றவைத்த பிசிறும் இருந்தால் பேரிங் கோணலாக ஓடிச் சீக்கிரமே போய்விடும்.

அடுத்தது செயின் லைன், அதாவது ஃப்ரேமின் நடுக்கோட்டிலிருந்து செயின் ஓடும் தூரம். சிங்கிள் ஸ்பீடில் செயின் நேராக ஓடாவிட்டால் சத்தம் வரும், பல் தேயும், மேடு பள்ளத்தில் செயின் கழலும். பின்பக்கம்: இரண்டு டிராப் அவுட்டுக்கு (பின் சக்கர ஆக்ஸில் உட்காரும் ஃப்ரேம் முனை) நடுவே உள்ள இடைவெளியில் பாதியை எடுத்து, டிராப் அவுட்டின் உட்புறத்திலிருந்து ஃப்ரீவீல் பல்லின் நடு வரையுள்ள தூரத்தைக் கழியுங்கள். முன்பக்கம்: சீட் குழாயின் பக்கவாட்டிலிருந்து செயின் வீல் பல்லின் நடு வரையுள்ள தூரத்தோடு குழாய் விட்டத்தில் பாதியைக் கூட்டுங்கள் (28.6 மி.மீ. குழாய் என்றால் 14.3). இரண்டு எண்ணுக்கும் 1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வேண்டாம். முன்னால் 45, பின்னால் 42 வந்தால், ஆக்ஸிலை 6 மி.மீ. குறைக்க வேண்டும்: 113-க்குப் பதில் 107. ஆக்ஸில் இரு பக்கமும் சமமாகக் குறையும் என்பதால் 3 மி.மீ. அல்ல, 6. குறைத்த பிறகு கிராங்கும் செயின் வீலும் செயின் ஸ்டேயில் (பிபி கூட்டிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் குழாய்) உரசாமல் 3 மி.மீ. ஆவது இடைவெளி இருக்கிறதா பாருங்கள்.

ஆக்ஸிலின் சதுர முனையிலும் இரண்டு வகை: ஜேஐஎஸ் (ஜப்பானியத் தரம்), ஐஎஸ்ஓ (சர்வதேசத் தரம்). ஷிமானோ கிராங்குகளும் பெரும்பாலான சுகினோ கிராங்குகளும் ஜேஐஎஸ். பழைய கம்பக்னோலோ ஐஎஸ்ஓ. மாற்றிப் போட்டால் கிராங்க் உட்காரும் இடம் ஏறக்குறைய 4.5 மி.மீ. தள்ளிப்போகும், நீங்கள் அளந்த செயின் லைனும் வீண். போல்ட்டை 35 முதல் 50 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கி, சிறிது தூரம் ஓட்டிய பின் மறுபடி பாருங்கள். தளர்ந்த கிராங்கோடு ஓட்டினால் அலுமினியத் துளையின் சதுரம் உருண்டுவிடும். அதன் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. கிராங்கை மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: 68 மி.மீ. கூட்டில் ஷிமானோ எம்டிபி (மலை சைக்கிள்) ஹாலோடெக் கிராங்க் போட்டேன். எவ்வளவு இறுக்கியும் பக்கவாட்டில் ஆடுகிறது.
- வாசகர், தாம்பரம்

பதில்: கூட்டுக்கும் கப்புக்கும் நடுவே வரும் ஸ்பேசர் வளையங்களைப் போடாமல் விட்டிருப்பீர்கள். அந்த ஆக்ஸில் 73 மி.மீ. கூட்டுக்கும் சேர்த்து நீளமாகச் செய்தது. 68-ல் 2.5 மி.மீ. வளையம் வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் ஒன்று. 73-ல் வலப்பக்கம் மட்டும் ஒன்று. இடது கிராங்கின் பிளாஸ்டிக் மூடியை ஆட்டம் நிற்கும் அளவுக்கு மட்டும் மெதுவாகத் திருப்புங்கள். பிறகு இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி 12 முதல் 14 நியூட்டன் மீட்டர் வரை. மூடியை இறுக்கி ஆட்டத்தை அடக்கப் பார்த்தால் பேரிங்தான் கெடும்.

கேள்வி: மலைப்பாதைக்காக என் ரோடு கிராங்கில் 34 பல் வளையம் (சிறிய செயின் வீல்) மாட்ட முடியுமா?
- வாசகர், கோத்தகிரி

பதில்: ஐந்து துளைக் கிராங்க் என்றால், அடுத்தடுத்த இரண்டு போல்ட்டின் நடுவுக்கு நடு அளந்து பாருங்கள். 76.4 மி.மீ. வந்தால் போல்ட்டுகள் அமையும் வட்டத்தின் விட்டம் 130 மி.மீ.; 38 பல்லுக்குக் கீழே எதுவும் ஏறாது. 64.7 வந்தால் 110 வட்டம், 34 தாராளமாக ஏறும். முதல் வகைதான் உங்களுடையது என்றால், கிராங்கை மாற்றும் முன் பின்பக்க கேசட்டை (பின் சக்கரப் பல் அடுக்கு) பெரிதாக்க முடியுமா பாருங்கள், செலவு குறையும். அதற்கு, பின்பக்க டீரெய்லர் (செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவி) எத்தனை பல் வரை தாங்கும் என்பது முக்கியம். கிராங்கையே மாற்றினால், பெரிய வளையம் எத்தனை பல் சிறுத்ததோ, நாலு பல்லுக்கு ஓர் அங்குலம் வீதம் செயினையும் குறைத்து, முன் டீரெய்லரையும் கீழே இறக்குங்கள். அதன் கூண்டு (செயினைத் தள்ளும் தகடு) பெரிய வளையத்தின் பல்லுக்கு மேல் 1 முதல் 3 மி.மீ. இருக்க வேண்டும்.