பிரிஸ்கோவில் வீடு: எந்தக் கவுண்டி?

கேள்வி: டெக்சஸ் மாநிலத்தில் பிரிஸ்கோ ஊரில் வீடு பார்க்கிறோம். ஊரின் ஒரு பகுதி காலின் கவுண்டியிலும் மறுபகுதி டென்டன் கவுண்டியிலும் இருக்கிறது. காலினில் சொத்து வரி குறைவு, அங்கேயே வாங்குங்கள் என்கிறார்கள் நண்பர்கள். சரிதானா?
– வாசகி, பிளேனோ

பதில்: சகோதரி, நண்பர்கள் சொல்வது உண்மைதான். நூறு டாலர் மதிப்புக்குக் காலின் கவுண்டியின் வரி ஏறத்தாழ 15 சென்ட், டென்டனில் 19 சென்ட். ஆனால் ஆறு லட்சம் டாலர் வீட்டுக்கு இந்த வித்தியாசம் ஆண்டுக்கு 240 டாலர்தான். பெரும்பங்கை வாங்குவது அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டம்: நூறுக்கு ஒரு டாலருக்குச் சற்று மேல். பிரிஸ்கோவில் இருப்பதெல்லாம் பிரிஸ்கோ பள்ளி மாவட்டமும் அல்ல. லூயிஸ்வில், லிட்டில் எல்ம், பிராஸ்பர் மாவட்டங்களுக்குள்ளும் ஊரின் சில பகுதிகள் வருகின்றன.

என்னை வாட்டியது 'மட்' வரி. புதுக் குடியிருப்புக்குக் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் போட்ட கடனை, அங்கே குடியேறுபவர்களே ஆண்டுதோறும் அடைக்கும் ஏற்பாடு அது. 2014இல் 380ஆம் நெடுஞ்சாலையை ஒட்டி வீடு வாங்கினேன். விற்றவர்கள் காட்டிய வரிச்சீட்டு இரண்டாயிரம் டாலருக்கும் குறைவு. ஜனவரி 1 அன்று அங்கே வெறும் மனைதான் இருந்தது, மனைக்கு மட்டும் போட்ட வரி அது என்று எனக்குப் புரியவில்லை. மறு ஆண்டு முழு வீட்டுக்கும் வரி வந்தது, 'மட்' மட்டும் நூறுக்கு 60 சென்ட். வீட்டுக் கடன் தவணையோடு வரியையும் வசூலிக்கும் வங்கி, வரிப் பாக்கியையும் சேர்த்து மாதத் தவணையில் ஆயிரம் டாலருக்கு மேல் கூட்டியது. ஊருக்குப் போக வைத்திருந்த பணம் அதில் கரைந்தது. அந்த ஆண்டு என் தாயாரைப் பார்க்கவில்லை. இன்றும் அது ஆறவில்லை.

பழைய வீடானாலும் விற்பவரின் சீட்டை நம்பாதீர்கள். அவர் 65 வயதைக் கடந்தவராக இருந்தால் அவருடைய பள்ளி வரிக்கு உச்சவரம்பு இருக்கும். அது உங்களுக்கு வராது. குடியிருக்கும் வீட்டின் வரி மதிப்பை ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்ற பாதுகாப்பும் கைமாறினால் புதிதாகத்தான் தொடங்கும்.

முகவரியைக் கவுண்டியின் மதிப்பீட்டு அலுவலகத் தளத்தில் தேடுங்கள். கவுண்டி, நகரம், பள்ளி, கல்லூரி, 'மட்' என்று அந்த வீட்டுக்கு வரி போடும் எல்லாரும் அங்கே இருப்பார்கள். விகிதங்களைக் கூட்டி, நீங்கள் கொடுக்கப்போகும் விலையோடு பெருக்கி நூறால் வகுங்கள். குடியேறியதும், சொந்தக்காரர் குடியிருக்கும் வீட்டுக்குக் கிடைக்கும் ஹோம்ஸ்டெட் வரி விலக்குக்கு விண்ணப்பியுங்கள், கட்டணம் கிடையாது. 2025 நவம்பர் வாக்கெடுப்புக்குப் பின் பள்ளி வரிக்கு 1,40,000 டாலர் மதிப்பு கழிகிறது.