டிஷ்ஷைக் கழற்றிவிட்டு ஓடிடிக்கு மாறலாமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டிவியையும் ஓடிடியையும் (நெட் வழியாகப் படம், தொடர் பார்க்கும் ஆப்கள்) பற்றித்தான். மற்ற கேள்விகளை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம், இந்த முறை முழுவதும் இதற்கே.

கேள்வி: வீட்டில் நான், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், 76 வயது அம்மா. டிடிஎச்சுக்கு மாதம் 480 ரூபாய் போகிறது. மகள் படிப்புக்காகப் பிராட்பேண்டும் போட்டிருக்கிறோம். "இப்பல்லாம் யாருப்பா சேனல் பார்க்கிறாங்க, டிஷ்ஷைக் கழட்டுங்க" என்கிறாள் மகள். அம்மா வாயே திறக்கவில்லை. என்ன செய்யலாம்? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: அம்மா வாயே திறக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், என் கண் அந்த வரியிலேயே நின்றுவிட்டது. முதலில் அவரிடம் போய் உட்கார்ந்து, "எந்தச் சேனல் பார்க்கிறே, எத்தனை மணிக்குப் பார்க்கிறே" என்று கேளுங்கள். கணக்கு வழக்கெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் வீட்டில் நான் கேட்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் இதே யோசனையில் செட்டாப் பாக்ஸை எடுத்துவிட்டு, டிவியின் பின்னால் ஓடிடி ஆப்களைக் காட்டும் ஒரு ஸ்டிக்கைச் சொருகி, அம்மா கையில் புது ரிமோட்டைக் கொடுத்தேன். பழைய ரிமோட்டின் முதுகில் அவர் காலண்டர் தாளை வெட்டி ஒட்டி, நீல மையில் நான்கு சேனல்களின் எண்களை எழுதி வைத்திருந்தார். ஒன்று சீரியலுக்கு, ஒன்று பழைய பாட்டுக்கு, ஒன்று செய்திக்கு, ஒன்று காலையில் கோயில் நிகழ்ச்சிக்கு. புது ரிமோட்டில் எண்களே கிடையாது. போட்டவுடன் 'யார் பார்க்கிறீர்கள்' என்று ஆங்கிலத்தில் கேட்டு நான்கு வட்டங்கள் வந்து நிற்கும். இரண்டு நாள் எங்களைக் கூப்பிட்டு வைக்கச் சொன்னார். அப்புறம் கேட்கவில்லை. ராத்திரி எட்டரை மணிக்குப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டு ஒன்பது மணிக்கு வருகிறார் என்பதே எங்களுக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அடுத்த நாளே பழைய பாக்ஸை மாட்டினேன். நான் அன்று மிச்சம் பிடித்த இருநூறு ரூபாய் அந்த இரண்டு வாரத்துக்கு ஈடாகாது.

சரி, இனி பணம். உங்கள் 480 ரூபாயில் கிட்டத்தட்ட பாதி யாரும் பார்க்காத சேனல்களுக்குப் போகிறது. 2019 பிப்ரவரியில் இருந்தே வேண்டிய சேனலைத் தனித்தனியாக எடுத்துக்கொள்ளும் உரிமை நமக்கு இருக்கிறது, டிராய் (மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) கொண்டுவந்த கட்டண முறை அது. இதில் இரண்டு பகுதி. ஒன்று மாதாமாதம் கட்டும் இணைப்புக் கட்டணம். அப்போது அதிகபட்சம் 130 ரூபாய், 18 சதவிகித ஜிஎஸ்டியோடு 153 ரூபாய் 40 காசு. 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள், அதனால் உங்கள் நிறுவனம் இப்போது எவ்வளவு வாங்குகிறது என்று பில்லில் பாருங்கள். இன்னொன்று கட்டணச் சேனல்களின் விலை. பல சேனல்களைச் சேர்த்துத் தரும் தொகுப்பில் இடம்பெறும் சேனலின் தனி விலை 19 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது இப்போதைய விதி, பெரிய தமிழ்ச் சேனல்களெல்லாம் தொகுப்பில் வருகிறவைதான். அம்மாவுக்கு வேண்டிய நான்கையும் தனியாக எடுத்து, ஒவ்வொன்றும் முழு 19 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் வரியோடு 90 ரூபாய்க்குள். பழைய இணைப்புக் கட்டணக் கணக்கில் மொத்தம் சுமார் 243 ரூபாய். செய்திச் சேனல்களில் பல இலவசம், அவை இணைப்புக் கட்டணத்துக்குள்ளேயே வந்துவிடும். பேக்கை மாற்றச் சொல்லி நீங்கள் கேட்டால்தான் மாற்றுவார்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். போனில் கேட்கும்போது "இந்த காம்போவே உங்களுக்கு லாபம் சார்" என்று இழுப்பார்கள், எனக்கு இந்த நான்கு மட்டும் போதும் என்று பிடிவாதமாகச் சொல்லுங்கள்.

மிச்சமாகும் இருநூற்றுச் சொச்சத்தில் மகளுக்கு ஒரு ஓடிடி. ஒரே ஒன்று. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடுத்தீர்கள் என்றால் டிடிஎச் செலவைத் தாண்டிவிடும், நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. மாதச் சந்தா உள்ளதாக எடுத்து, பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்து, நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போகலாம். உங்கள் பிராட்பேண்ட் திட்டத்தோடு ஏற்கெனவே ஏதாவது ஓடிடி சேர்ந்து வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பல வீடுகளில் அது இருப்பதே தெரியாமல் தனியாகப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அம்மா "எனக்கு எதுவானாலும் சரிப்பா" என்று சொல்வார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: ஸ்மார்ட் டிவி வாங்கினோம். படம் பாதியில் நின்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. 100 எம்பிபிஎஸ் வேகத்தில் நெட் திட்டம் போட்டிருக்கிறேன், 200 ஆக்கச் சொல்கிறார்கள். ஆக்கினால் சரியாகுமா? – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ஆக்காதீர்கள். முழு எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ் போதும், அதைவிடத் துல்லியமான 4கே என்றால் 15. ஒரே நேரத்தில் இரண்டு டிவியும் மூன்று போனும் ஓடினாலும் 100 தாராளம், என்னைக் கேட்டால் சிறு குடும்பத்துக்கு 30, 40 எம்பிபிஎஸ்ஸே போதும். உங்கள் சிக்கல் பெரும்பாலும் ரவுட்டருக்கும் டிவிக்கும் நடுவில் இருக்கும். ரவுட்டர் எங்கே இருக்கிறது? கம்பி உள்ளே வருகிற இடம் என்று வாசல் பக்கமோ மாடியிலோ மாட்டிவிட்டுப் போயிருப்பார்கள், டிவி இரண்டு செங்கல் சுவர் தாண்டி இருக்கும். வைஃபையில் 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை. முதலாவது சுவர் தாண்டி தூரம் போகும், ஆனால் வேகம் குறைவு, அக்கம்பக்கத்து வைஃபையெல்லாம் அதிலேயே முட்டிக்கொண்டிருக்கும். இரண்டாவது வேகமானது, சுவரைக் கண்டால் தளர்ந்துவிடும். டிவியும் ரவுட்டரும் ஒரே அறையில் இருந்தால் 5 ஜிகாஹெர்ட்ஸில் இணையுங்கள். முடியவே முடியாது என்றால் ரவுட்டரில் இருந்து டிவிக்கு ஒரு லேன் கேபிளை இழுத்துவிடுங்கள், செலவும் குறைவு, தொல்லையும் விட்டது. ஸ்டிக் பயன்படுத்துகிறவர்கள் அதை டிவியின் முதுகோடு ஒட்டிச் சொருகாமல், கூடவே வரும் குட்டி நீட்டிப்பு கேபிளில் மாட்டித் தள்ளி வைத்தால் சிக்னல் நன்றாக எடுக்கும்.

இன்னொன்று, ரவுட்டரை இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள். கரண்ட் போய் டிவி ஓடினாலும் ரவுட்டர் அணைந்துவிட்டால் ஒன்றும் வராது. இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில், ரவுட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் கடைகளில் கிடைக்கிறது. வாங்கும்போது ரவுட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட் அளவைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: பிராட்பேண்ட் வேண்டாம், என் போன் ஹாட்ஸ்பாட்டிலேயே டிவி பார்க்கலாமா? – வாசகர், தேனி

பதில்: எச்டி தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை போகும். தினம் 2 ஜிபி பேக்கில் ஒரு படத்தின் இடைவேளையைக்கூடத் தொட முடியாது. எப்போதாவது ஒரு நாள் என்றால் தரத்தைக் குறைத்து வைத்துப் பார்க்கலாம், தினமும் என்றால் வேண்டாம்.

கேள்வி: கிரிக்கெட் பார்க்கும்போது எதிர்வீட்டில் விக்கெட் என்று கத்திய பிறகு அரை நிமிஷம் கழித்துத்தான் எங்கள் டிவியில் பந்து போடுகிறார்கள். அவர்கள் கேபிள், நாங்கள் ஆப். ஏன் இப்படி? – வாசகர், திருநெல்வேலி

பதில்: டிடிஎச்சில் சிக்னல் 36,000 கிலோமீட்டர் மேலே போய்ச் செயற்கைக்கோளைத் தொட்டுத் திரும்புகிறது. அவ்வளவு தூரம் போய் வந்தும் அதற்கு ஆகிற நேரம் கால் விநாடிதான். கேபிள்காரரும் செயற்கைக்கோளில் இருந்து இறக்கித்தான் வீடுகளுக்கு அனுப்புகிறார். ஆப்பில் நடப்பது வேறு. ஓடுகிற காட்சியைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பல தரத்தில் தயார் செய்து, ஊர் ஊராக இருக்கும் சர்வர்களில் ஏற்றி, அங்கிருந்து உங்கள் டிவி இழுத்துக்கொள்கிறது. இழுத்ததையும் உடனே காட்டாது, நடுவில் நெட் தடுமாறினாலும் படம் நிற்கக் கூடாது என்று இரண்டு மூன்று துண்டுகளைக் கையில் சேர்த்து வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கும். எல்லாம் சேர்ந்து அந்த இருபது முப்பது விநாடி. வேகமான இணைப்பு வாங்கினாலும் இது முழுதாகப் போகாது. ஆட்டத்தின் நடுவில் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தால் இன்னும் பின்தங்கிவிடும், அப்போது 'லைவ்' என்கிற பொத்தானை ஒருமுறை அமுக்குங்கள்.

மழைக்காலத்தில் நிலைமை தலைகீழ். டிடிஎச் வருகிற கேயு பேண்ட் என்னும் ரேடியோ அலையின் நீளம் இரண்டு இரண்டரை சென்டிமீட்டர்தான், கனமழை அதை உறிஞ்சியும் சிதறடித்தும் விடும், அதனால்தான் ஐப்பசி மழையில் 'சிக்னல் இல்லை' என்று வருகிறது. கண்ணாடி இழையில் நெட் வருகிற ஃபைபர் இணைப்புக்கு அந்தத் தொல்லை கிடையாது.

கேள்வி: ஒரு மாதம் பார்க்கலாம் என்று ஒரு ஓடிடி எடுத்தேன். ஆப்பை டிவியில் இருந்து அழித்துவிட்டேன். ஆனாலும் மறுபடி பணம் எடுத்துவிட்டார்கள். – வாசகி, விழுப்புரம்

பதில்: ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. பணம் கட்டியபோது 'ஆட்டோபே'க்கு ஒப்புதல் கொடுத்திருப்பீர்கள். யுபிஐ வழியாகக் கட்டியிருந்தால், அந்த யுபிஐ ஆப்புக்குள் ஆட்டோபே என்ற பகுதி இருக்கிறது, அங்கே போய் ரத்து செய்யுங்கள். ஓடிடி கணக்கிலும் ரத்து செய்யுங்கள், இரண்டு இடத்திலும். ரத்து செய்தாலும் கட்டிய மாதம் முடியும்வரை பொதுவாகப் பார்க்கலாம், ஆகவே எடுத்த அன்றே ரத்து செய்துவிடுவது என் பழக்கம். 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதிப்படி, இப்படித் தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும். உங்கள் எஸ்எம்எஸ்ஸையும் மின்னஞ்சலையும் தேடிப் பாருங்கள். வரவே இல்லை என்றால் வங்கியில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள், வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வராதீர்கள்.

கேள்வி: எங்களிடம் பழைய பெட்டி டிவிதான். ஓடிடி வருமா? – வாசகர், நாகர்கோவில்

பதில்: ஸ்டிக்குக்கு எச்டிஎம்ஐ துளை வேண்டும், உங்கள் டிவியில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு துளைகள்தான் இருக்கும். இடையில் மாற்றித் தரும் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஆனால் எழுத்தெல்லாம் பொடிப்பொடியாக, கண் வலிக்கும். டிவி மாற்றும் வரை கேபிளே இருக்கட்டும். மாதச் செலவே வேண்டாம் என்றால் தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது, 2004 முதல் நடக்கிறது, டிஷ்ஷும் பாக்ஸும் வாங்கும் செலவு மட்டும்தான். ஆனால் நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் தமிழ்ச் சேனல் அதில் வருகிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: இருபது வருடமாகக் கேபிள் நடத்துகிறேன். பாதி இணைப்புக்கு மேல் போய்விட்டது. நீங்களும் இந்தப் பகுதியில் ஓடிடி ஓடிடி என்றே எழுதுகிறீர்கள். எங்கள் பிழைப்பைப் பற்றி யாராவது நினைத்தீர்களா? – வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. சன் டிவி 1993இல் தொடங்கிய காலத்தில் மொட்டை மாடிக்கு மொட்டை மாடி, தென்னை மரத்துக்குத் தென்னை மரம் கம்பி இழுத்து வீட்டுக்குள் அந்தச் சேனலைக் கொண்டுவந்தவர்கள் உங்களைப் போன்றவர்கள்தான். ராத்திரி ஒன்பது மணிக்குப் படம் போய்விட்டது என்று போன் செய்தால் டார்ச் லைட்டோடு வந்து ஏணி போடுகிற ஆள் எந்த ஓடிடிக்கும் கிடையாது.

ஆனால் போன இணைப்பு திரும்பி வரும் என்று உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க என்னால் முடியாது. பெரிய நிறுவனங்களுக்கே அதுதான் நிலைமை. டிராய் கணக்கில் கட்டண டிடிஎச் சந்தாதாரர்கள் 2020 மார்ச்சில் சுமார் 7 கோடி, 2025 மார்ச்சில் 6 கோடிக்கும் கீழே. உங்கள் கையில் இருப்பது தெருவும், தெருவில் இருக்கிற வீடுகளின் பழக்கமும். அதே வீடுகளுக்கு ஃபைபர் கொடுங்கள். பிஎஸ்என்எல் ஃபைபர் இணைப்பைப் பல ஊர்களில் உள்ளூர் கேபிள்காரர்கள்தான் பங்காளிகளாகச் சேர்ந்து வீடுவரை கொண்டுபோகிறார்கள், தனியார் நிறுவனங்களும் இப்படிச் சேர்த்துக்கொள்கின்றன. வருமானப் பங்கு எத்தனை சதவிகிதம், கம்பி அறுந்தால் செலவு யாருடையது, நாளை நீங்கள் விலகினால் அந்த இணைப்புகள் யாருக்குச் சொந்தம், இந்த மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்காமல் ஒரு ரூபாய்கூட முதல் போடாதீர்கள். தனியாக முடியாவிட்டால் பக்கத்து ஊர்க்காரர்கள் நான்கு பேர் சேர்ந்து ஃபைபர் ஒட்டும் மெஷினை வாங்கிக்கொள்ளலாம்.

வாசகர்களுக்கும் ஒன்று. பிராட்பேண்ட் போடும் எண்ணம் இருந்தால், முதலில் உங்கள் கேபிள்காரர் கொடுக்கிறாரா என்று கேளுங்கள்.

கேள்வி: மாறுவது என்று முடிவு செய்துவிட்டோம். பழைய பாக்ஸையும் டிஷ்ஷையும் என்ன செய்வது? – வாசகி, வேலூர்

பதில்: ரீசார்ஜ் தீரும்வரை பாருங்கள், முன்கூட்டியே நிறுத்தி மீதிப் பணத்துக்கு அலைய வேண்டாம். பாக்ஸை நீங்கள் விலை கொடுத்து வாங்கியிருந்தால் அது உங்களுடையது, ஆனால் வேறு நிறுவனத்தின் இணைப்புக்கு உதவாது. வாடகைக்கோ டெபாசிட்டுக்கோ வந்ததென்றால் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அரசு கேபிளின் இலவச பாக்ஸும் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். ஒரு மாதம் ஓடிடியில் ஓட்டிப் பார்த்து, வீட்டில் எல்லோருக்கும் ஒத்துப்போன பிறகு டிஷ்ஷைக் கழற்றுங்கள். கழற்றிய அன்றே மாடித் தளத்தில் போல்ட் இருந்த ஓட்டைகளை சிமெண்ட் வைத்து அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் மழைக்கே கீழே கூரையில் ஈரம் இறங்கிவிடும்.